வீட்டுக்கு வந்த கணினி – 12: பத்திரிகையில் வந்த கம்பைலர்

காப்பிரைட் என்று போட வேண்டிய இடத்தில் 'காப்பிலெஃப்ட்' என்று போட்டு, 1976-ல் லி சென் வாங் தன் டைனி பேசிக்கை ஊருக்கே எழுதி வைத்த கதையைப் போன வாரம் பார்த்தோம். அந்த நிரலை அச்சிட்ட 'டாக்டர் டாப்ஸ் ஜர்னல்', நான்கு வருஷம் கழித்து 1980 மே இதழில் இன்னொரு காரியம் செய்தது. ரான் கெய்ன் எழுதிய ஒரு கம்பைலரை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பக்கம் பக்கமாக அச்சடித்துக் கொடுத்தது. பெயர் ஸ்மால் சி. விலை ஒன்றும் கிடையாது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம்.

நாம் எழுதும் நிரலைச் சில்லுக்குப் புரிகிற ஆணைகளாக மாற்றித் தருவதுதான் கம்பைலரின் வேலை. அன்றைக்கு வீட்டுக் கணினிகளில் இருந்த 8080 சில்லுக்கு எட்டுகிற நினைவகம், அதிகபட்சம், 64 கேபி. தினமும் விடிகாலையில் வாட்ஸ்அப்பில் வந்து விழும் 'காலை வணக்கம்' படம் பெரும்பாலும் அதைவிடப் பெரியது. அந்த 64-ஐயும் முழுசாக வாங்கிப் போட எல்லோருக்கும் வசதி இல்லை. இருப்பதிலும் சிபி/எம் என்கிற இயங்குதளம் ஒரு மூலையைப் பிடித்துக்கொள்ளும்.

1978-ல் கெர்னிஹானும் ரிச்சியும் எழுதிய புத்தகம் வந்ததிலிருந்தே பலருக்கும் சி மொழி மேல் ஒரு கண். ஆனால் அது வளர்ந்தது பிடிபி-11 மாதிரிப் பெரிய இயந்திரங்களில், யூனிக்ஸின் மடியில். வீட்டுக் கணினிக்கு 1979-லேயே லியோர் சோல்மனின் பிடிஎஸ் சி விற்பனைக்கு வந்துவிட்டது, நல்ல சரக்கு. காசு கொடுத்தவருக்குக் கம்பைலர் கிடைத்தது, அது எப்படி எழுதப்பட்டது என்பது கிடைக்கவில்லை.

கெய்ன் கத்திரிக்கோலை எடுத்தார். தசம எண் வேண்டாம். ஸ்ட்ரக்சர் வேண்டாம். இரட்டைப் பரிமாண அரே வேண்டாம். சி எழுதுகிறவர்கள் மூச்சுக்கு மூச்சு போடும் ஃபார் லூப்கூட வேண்டாம், வைல் போதும். மிஞ்சியவை சார், இன்ட், பாயின்டர், ஒற்றை வரிசை அரே. எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்கு அவரிடம் ஓர் அளவுகோல் இருந்தது: மிஞ்சிய மொழியிலேயே அந்தக் கம்பைலரை எழுத முடிய வேண்டும். எழுதியும் காட்டினார்.

ஸ்ட்ரக்சர் இல்லாமல் எப்படிச் சமாளித்தார் என்பதற்கு அதன் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். நிரலில் வரும் ஒவ்வொரு பெயருக்கும் 14 பைட் ஒதுக்கீடு. பெயருக்கு 9 (எட்டு எழுத்து, ஒரு முற்றுப்புள்ளி பைட்), அது என்ன இனம் என்பதற்கு 1, சாரா இன்ட்டா என்பதற்கு 1, எங்கே குடியிருக்கிறது என்பதற்கு 1, முகவரிக்கு 2. பட்டியல் முழுசுக்கும் 5,040 பைட். 360 பெயர் உட்காரலாம். ஒரு ஃபங்ஷன் முடிந்ததும் அதன் உள்பெயர்களைத் துடைத்துவிட்டு, அடுத்த ஃபங்ஷனுக்கு அதே இடம். கல்யாணப் பந்தியில் இலை எடுத்து இலை போடுகிற கணக்குதான்.

பெரிய கம்பைலர்கள் நிரலை முழுசாகப் படித்து, நினைவகத்தில் ஒரு மரமாக விரித்து வைத்து யோசிக்கும். இங்கே மரம் நட இடமில்லை. படிக்கப் படிக்க அசெம்பிளியை எழுதித் தள்ளிக்கொண்டே போக வேண்டியதுதான். x = b + 1 என்று எழுதினால், b-யை ரெஜிஸ்டரில் ஏற்று, அடுக்கில் தள்ளு, 1-ஐ ஏற்று, தள்ளியதைத் திரும்ப எடு, கூட்டு, x-ல் வை என்று ஆறு ஆணைகள் வரும். ஒன்றைக் கூட்ட 8080-ல் ஒரே ஆணை இருக்கிறது! அது கம்பைலருக்குத் தெரியாது; பின்னால் என்ன வரப்போகிறது என்று பார்க்காமலே b-யைத் தள்ளிவிட்டதே. ஒளிக்காமல் சொன்னால், ஸ்மால் சி கக்கிய நிரல் மந்தம்தான், இடத்தையும் அடைத்தது. பிடிஎஸ் சி-யோடு ஓட்டப்பந்தயம் விட்டால் தோற்கும்.

ஸ்மால் சி-யை எடுத்துக்கொண்டவர்களுக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. படித்துப் பார்த்தால் புரிந்தது, புரிந்ததால் கை வைத்தார்கள். ஒரே சிக்கல், கம்பைலரைக் கம்பைல் செய்ய இன்னொரு சி கம்பைலர் வேண்டும்! பத்திரிகையைப் பார்த்துத் தட்டச்சு செய்து முடித்தவர் யூனிக்ஸ் வைத்திருப்பவரைத் தேடிப் போக வேண்டும், அல்லது ஏற்கெனவே ஓட வைத்தவரிடம் வட்டு கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டரை வருஷத்தில் ஜேம்ஸ் ஹெண்ட்ரிக்ஸ் அதே இதழில் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தார். கெய்ன் வெட்டிய ஃபார், ஸ்விட்ச் எல்லாம் திரும்ப வந்தன. பிறகு வேறு சில்லுகளுக்கும் ஆளாளுக்கு மாற்றிக்கொண்டார்கள். இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் போன்ற இசட்80 கணினிகளுக்கு இன்றும் இலவசமாகக் கிடைக்கும் இசட்88டிகே தொகுப்பில் ஒரு கம்பைலர் ஸ்மால் சி-யின் வழிவந்ததுதான்.

கூட்டல், கழித்தல், ஒப்பீடு என்று கணக்குகளை எந்த வரிசையில் செய்வது என்பதைப் பார்த்துக்கொள்ள கெய்ன் அடுத்தடுத்து 11 ஃபங்ஷன்கள் எழுதியிருந்தார். படிநிலையைக் குறிக்கும் ஹையரார்கியின் சுருக்கமாக அவற்றின் பெயர் இருந்திருக்க வேண்டும். ஆனால் எழுத்து இடம் மாறி, ஆங்கிலத்தில் 'வாரிசு' என்று பொருள்படும் சொல்லாக அச்சாகியிருந்தது. இசட்88டிகேயின் மூல நிரலைத் திறந்து பாருங்கள், இன்றும் அப்படியேதான் இருக்கிறது.