குளம் காட்டும் கோணம்

வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்தின் முன்னால் கிடக்கும் நீண்ட குளத்தைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நினைவகத்துப் படிகளில்தான் நிற்கிறார்கள். அங்கிருந்து வாஷிங்டன் தூண் தண்ணீருக்குள் தலைகீழாக, முழுசாகத் தெரியும். 1920களின் தொடக்கத்தில் ஹென்றி பேக்கனின் வடிவமைப்பில் உருவான குளம் இது. நீளம் சுமார் 2,000 அடி. ஆழமோ நடுவில்கூட மூன்றடிக்குக் குறைவு. பிம்பத்துக்கு ஆழம் தேவையில்லை. பார்வை சாயச்சாயத்தான் தண்ணீர் கண்ணாடியாகிறது. கரையில் குனிந்து நேர்கீழே பார்த்தால் தூண் போய்விடும்.

தேசம் தன்னை நினைவுகூர்வதும் இப்படியொரு கோணத்தில்தான். அடிமைமுறையை ஒழித்தவராகக் கொண்டாடப்படுபவரின் நினைவகத்தை 1922இல் திறந்தபோது கறுப்பர்களுக்குத் தனி இருக்கைகள் ஒதுக்கப்பட்டன. அங்கே பேசிய கறுப்பரான ராபர்ட் மோட்டனின் உரை முன்கூட்டியே வெட்டித் திருத்தப்பட்டது.

1963 ஆகஸ்ட் 28 பேரணிக்கு வந்த சுமார் 2,50,000 பேரில் பலர் வெக்கை தாங்காமல் இந்தக் குளத்தில் காலை விட்டு உட்கார்ந்தார்கள். கால் பட்ட இடத்தில் பிம்பம் கலைந்துதானே ஆகணும்? 1968இல், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட அடுத்த மாதம், ஏழைகள் குளத்தோரம் பலகைக் குடிசைகள் போட்டு 'உயிர்த்தெழுதல் நகரம்' என்று பெயர் வைத்தார்கள். ஆறே வாரத்தில் போலீஸ் காலிபண்ணியது.

சலனமற்ற நீர்ப்பரப்பு என்பது வெறும் அழகியல் விஷயமில்லை. யார் கரையில் இருக்கலாம், எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று தீர்மானிக்கிற அதிகாரமும் அதற்குள் இருக்கிறது. இந்தக் குளத்தை வாசிக்கப் படியிலிருந்து இறங்கிக் கரைக்கு வரணும்.