ஐந்நூறு ரூபாயும் டிவிடெண்ட் ஃபண்டும்



டிப்ளமோ முடித்து அப்ரண்டிஸ் சேர்ந்தால் ஸ்டைபண்ட் வரும். வீட்டுக்குக் கொடுத்தது போக மாதம் 500 ரூபாய் மிஞ்சினால் என்ன செய்யலாம்? "டிவிடெண்ட் ஃபண்டில் போடு, வட்டி மாதிரி வந்துக்கிட்டே இருக்கும்" என்று சொல்பவர்கள் உண்டு. போடலாம். ஆனால் டிவிடெண்ட் என்பது வட்டி அல்ல!

நம்ம தென்னேரி ஏரியையே எடுத்துக்கொள்வோம். மதகைத் திறந்தால் வயலுக்குத் தண்ணீர் பாயும். அதே அளவு ஏரியில் குறையும். மழை பெய்து வரத்து வந்தால்தான் மட்டம் மறுபடி ஏறும். இங்கே ஏரி உங்கள் முதல், மதகுத் தண்ணீர் டிவிடெண்ட், மழை கம்பெனிகளின் லாபம்.

கணக்காகப் பார்ப்போம். ஒரு யூனிட் 25 ரூபாய் என்றால் 500 ரூபாய்க்கு 20 யூனிட். யூனிட்டுக்கு 2 ரூபாய் டிவிடெண்ட் கொடுத்தால் கையில் 40 ரூபாய். அன்றே யூனிட் விலை 23 ஆக இறங்கும், முதல் 460. ஆக மொத்தம் அதே 500தான்! அந்த 40 ரூபாயும் உங்கள் வருமானக் கணக்கில் சேரும். 2020 ஏப்ரல் முதல் வரி முதலீட்டாளர் தலையில்தான். இந்தக் குழப்பம் தீரவே, 2021 ஏப்ரல் முதல் 'டிவிடெண்ட்' என்ற பெயரையே செபி மாற்றி, 'வருமானப் பங்கீடும் மூலதனம் திரும்பப் பெறுதலும்' என்ற பொருளில் ஐ.டி.சி.டபிள்யூ. என்று வைத்தது.

வரத்து பார்க்காமல் மதகைத் திறந்தால் என்ன ஆகும்? 1964-ல் யூனிட் டிரஸ்ட் தொடங்கிய 'யூனிட் 64' திட்டமே சாட்சி. நடுத்தரக் குடும்பங்கள் அதை பேங்க் டெபாசிட் போல நம்பின. 1990-களில் 26 சதவீதம் வரை டிவிடெண்ட் கொடுத்தார்கள். யூனிட்டின் விலையோ உள்ளே இருந்த சொத்தின் மதிப்பை ஒட்டி இல்லை. 1998-ல் கையிருப்பு பற்றாக்குறையானது தெரிந்தது. 2001 ஜூலையில் விற்பதையும் திரும்ப வாங்குவதையும் நிறுத்தியே விட்டார்கள். அவசரத்துக்குப் பணம் எடுக்கப் போனவர்கள் திகைத்து நின்றார்கள்.

இன்னொன்றும் கவனிக்கணும். 'டிவிடெண்ட் யீல்டு ஃபண்ட்' என்பது வேறு. நல்ல டிவிடெண்ட் தரும் கம்பெனிப் பங்குகளில் முதலீடு செய்யும் ஃபண்ட் அது. உங்களுக்கு டிவிடெண்ட் தருவேன் என்ற வாக்குறுதி அதில் கிடையாது. அதிலும் 'குரோத்' முறை உண்டு.

சரி, எப்படித் தொடங்குவது?

1. முதலில் இரண்டு, மூன்று மாதச் செலவுக்கான பணம் போஸ்ட் ஆபீஸிலோ பேங்கிலோ இருக்கட்டும்.

2. பான் கார்டு, ஆதார், பேங்க் கணக்கு தேவை. 18 வயது ஆகாதவர்கள் பெற்றோர் மூலம் தொடங்கலாம்.

3. மாதம் 500 ரூபாய் எஸ்.ஐ.பி. போதும். 'டைரக்ட்' திட்டத்தில் ஏஜென்ட் கமிஷன் கிடையாது.

4. இது பங்குச் சந்தை. விலை இறங்கவும் செய்யும். ஐந்து வருஷத்துக்குத் தேவைப்படாத பணத்தை மட்டும் போடுங்கள்.

மாதாமாதம் செலவுக்குப் பணம் வேண்டிய பெரியவர்களுக்கு மதகு அவசியப்படலாம். சம்பாதிக்கத் தொடங்கும் நமக்கு என்ன அவசரம்? 'குரோத்' முறையில் விட்டுவைத்தால் லாபம் உள்ளேயே தங்கி வேலை செய்யும். ஏரி நிரம்பட்டும் நண்பர்களே, மதகை அப்புறம் திறந்துகொள்ளலாம்!