ஏரி திறந்தது, பாதை திறந்ததா?

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில், டொரொண்டோவுக்கு வடக்கே உள்ள அல்கோன்குவின் பூங்காவின் ஏரிகளில் பனிக்கட்டி பொதுவாக ஏப்ரல் இறுதியிலோ மே மாதத் தொடக்கத்திலோ உருகி மறைகிறது. அத்துடன் கனூ எனப்படும் துடுப்புப் படகுப் பயணங்களும் தொடங்குகின்றன. ஆனால் ஏரி திறந்துவிட்டது என்பதால், அதற்குச் செல்லும் சாலையும் தயாராகிவிட்டது என்று கொள்ள முடியாது.

இதற்கான காரணம் நிலத்தடியில் உள்ளது. குளிர்காலத்தில் மண்ணிலுள்ள நீர் ஆழம்வரை உறைகிறது. வசந்தத்தில் மேல்மண்ணே முதலில் இளகுகிறது. அடியில் உறைந்தே இருக்கும் படலம், உருகிய நீரைக் கீழே இறங்கவிடுவதில்லை. இதனால் சாலை சேறாகி, பாரம் தாங்கும் வலுவை இழக்கிறது.

எனவேதான் ஒண்டாரியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம், வசந்தகாலத்தில் குறிப்பிட்ட சில சாலைகளில் வர்த்தக வாகனங்களின் சுமையை அச்சு ஒன்றுக்கு 5,000 கிலோகிராமாக மட்டுப்படுத்துகிறது. சாதாரணக் கார்களை இந்த வரம்பு தடுப்பதில்லை. ஆயினும், சட்டம் தடுக்கவில்லை என்பது சாலை தாங்கும் என்பதற்கு உத்தரவாதம் அல்ல.

பூங்காவின் தென்பகுதியை ஊடறுக்கும் 60ஆம் இலக்க நெடுஞ்சாலை தார்ச்சாலை. தொலைவிலுள்ள படகுத்துறைகள் பலவற்றுக்கோ சரளைச் சாலைகளே வழி. அங்கு பல இடங்களில் கைத்தொலைபேசித் தொடர்பும் கிடையாது. இரவுக் குளிரில் இறுகிக் காலையில் காரைத் தாங்கும் பாதை, பிற்பகல் வெயிலில் இளகிவிடலாம். ஆகவே, புறப்படுமுன் பூங்கா அலுவலகத்திடம் ஏரியைப் பற்றி மட்டுமன்றி, திரும்பும் வழியைப் பற்றியும் விசாரிப்பது அவசியமாகிறது.