படுக்கைக் கூலி

இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியாகிய வைற்சப்பலிலே, மாலை மயங்கியதும் உல்லாசப் பிரயாணிகள் கூட்டங் கூட்டமாய்த் திரள்வர். கட்டணம் பெற்ற வழிகாட்டி முன்னே நடந்து, 1888ஆம் ஆண்டில் ஐந்து பெண்கள் கொலையுண்ட இடங்களை ஒவ்வொன்றாய்க் காட்டுவான். கொலைகாரன் யாரென்பது இன்றளவும் துலங்கவில்லை. துலங்காமையே இவ்வாணிகத்தின் முதல். 'ஜாக் த றிப்பர்' என்ற அவனது பெயர்கூடச் செய்தி நிறுவனமொன்றுக்கு வந்த கடிதத்திற் பிறந்ததே. அதை எழுதியவன் ஒரு பத்திரிகையாளனே என ஐயுறுவோர் பலர்.

இஃது இக்காலத்துப் புதுமையன்று. அவ்வாண்டு செப்டெம்பர் 8ஆம் நாள் விடியலில், ஹன்பரி வீதி 29ஆம் இலக்க வீட்டின் பின்முற்றத்திலே அனி சப்மன் என்பாள் பிணமாய்க் கிடந்தாள். செய்தி பரவியதும் அயல்வீட்டார் தம் யன்னல்களைத் திறந்துவிட்டு, அம்முற்றத்தை எட்டிப் பார்க்க வந்தோரிடம் காசு வாங்கினர். அவளோ, முந்திய இரவு விடுதியிலே படுக்கைக் கூலி கொடுக்க வகையின்றித் தெருவுக்கு வந்தவள்! குதிரைவண்டி ஓட்டி ஒருவனின் மனைவியாய்ப் பிள்ளைகள் பெற்று வாழ்ந்தவள். கணவனைப் பிரிந்தபின் அவன் அனுப்பிவந்த பணமும் 1886இல் அவன் இறந்ததோடு நின்றது. பின்னல் வேலை செய்தும் பூ விற்றும் நாளைக் கழித்தாள். எட்டு நாள் முன்னர் மாண்ட மேரி ஆன் நிக்கல்ஸும் நாலு பென்ஸ் இல்லாமையாலேயே அன்றிரவு வெளியே நின்றாள்.

நிக்கல்ஸ் இறந்த பக்ஸ் றோ என்னும் தெரு 1892இல் டர்வேட் வீதி எனப் பெயர் மாற்றம் பெற்றது. அங்கு வாழ்ந்தோர்க்கு அப்பழம்பெயர் மானக்கேடாயிருந்தது. இன்றைய வணிகருக்கோ அதுவே சரக்கு. கேபிள் வீதியிலே பெண்களின் வரலாற்றுக்கென ஒரு நூதனசாலை அமைப்பதாய் 2014இல் அனுமதி கோரப்பட்டது. 2015இல் திரை விலகியபோது அங்கே நின்றது றிப்பரின் பெயர்ப்பலகை! ஊரார் வீதியிலிறங்கிக் கண்டித்தனர். கொன்றவனுக்கு ஒரு மாளிகை, கொல்லப்பட்டோர்க்கு அவன் கதையில் ஓர் எண்ணிக்கை. இதனை வரலாறு என விற்பது நேர்மையாகாது.

ஹன்பரி வீதியின் அவ்வீடு பின்னர் இடிக்கப்பட்டு, பியர் வடிசாலையின் கட்டடம் அங்கே எழுந்தது. கூட்டம் இன்னும் அவ்விடத்தில் நிற்கின்றது. வழிகாட்டி கத்தியின் நீளத்தைச் சொல்லுமுன் படுக்கையின் விலையைச் சொல்வானாயின், அந்நடைக்குக் கட்டணங் கொடுக்க யானும் தயங்கேன்.