பதினோராம் எண் கூண்டு

"ஒண்ணும் ஆகாதுடா, பேசாம படு." புயல் நாட்களில் நம் வீடுகளில் அதிகம் புழங்கும் வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். பயந்த பிள்ளையிடம் இது ஏன் எடுபடுவதில்லை என்று கொஞ்சம் வாசித்தேன். மீதியைக் கடலூரில் இருக்கும் அக்கா மகனிடம் கற்றுக்கொண்டேன். எட்டு வயது. ஐப்பசி பிறந்தாலே அவனுக்கு வயிற்றுவலி வந்துவிடும்.

ஒன்றும் ஆகாது என்று சொன்ன அரை மணி நேரத்தில் கரண்ட் போகிறது, பக்கத்து வீட்டு முருங்கை முறிகிறது. பிள்ளையின் கணக்கில் பெரியவங்க சொன்னது பொய். இன்னொரு சிக்கலும் உண்டு. ஒவ்வொரு ஆறுதலும் பயத்தைச் சில நிமிடங்களுக்குத்தான் தணிக்கும். அந்தச் சில நிமிட நிம்மதிக்காகவே பிள்ளை மறுபடி கேட்கும், கேட்பதே பழக்கமாகிவிடும். பதற்றத்துக்கான சிகிச்சை முறைகளில் இதை முக்கியமாகக் கவனிப்பார்கள்.

அதனால் நடக்கப்போவதை அப்படியே சொல்லிவிடுவது நல்லது. "காத்து பலமா அடிக்கும், சத்தம் பயங்கரமா இருக்கும். ஒயர் அறுந்தா ஆபத்துன்னு கரண்டை அவங்களே நிறுத்திடுவாங்க. நாம தண்ணி பிடிச்சு வச்சாச்சு, ஜன்னல் பக்கம் படுக்க மாட்டோம்." இதை ஒருமுறை முழுசாகச் சொல்லலாம். மறுபடி கேட்டால், "நான் என்ன சொன்னேன், நீ சொல்லு பாப்போம்" என்று அவன் வாயாலேயே வரவைக்கலாம்.

இவனை அதிகம் ஆட்டியது டிவியில் ஓடும் கூண்டு எண்தான். எட்டு, ஒன்பது, பத்து என்று பரீட்சை மார்க் மாதிரி ஏறுகிறது என்று நினைத்திருந்தான். "மாமா, பதினொண்ணு வந்தா ஊரே போயிடுமா?" என்றான். பெரியவர்களிலும் பலர் அப்படித்தான் நினைக்கிறோம். கூண்டு ஏற்றுவது துறைமுகத்துக்கும் கப்பல்களுக்கும். 1, 2 என்றால் புயல் இன்னும் தூரக் கடலில் இருக்கிறது. 8, 9, 10 மூன்றுமே தீவிரப் புயலுக்குத்தான். 8-க்கும் 9-க்கும் வித்தியாசம், புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாக ஒதுங்கிக் கடக்கிறது என்பதே. 10 என்றால் துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடக்கும். 11? வானிலை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள். "அப்போ போன் கட் ஆயிடுச்சுன்னு அர்த்தமா!" என்று சிரித்தான். அன்று முழுக்க அதையே எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தான்.

புயலின் கண்ணைப் பற்றியும் முன்பே சொல்லிவைக்க வேண்டும். அது நம் தலைக்கு மேல் கடந்தால் காற்று திடீரென அடங்கும், பிறகு எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடிக்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையைக் கடந்தபோது பார்த்தவர்களுக்குத் தெரியும். முடிஞ்சிடுச்சு என்று நம்பிய பிள்ளைக்கு இரண்டாவது அடி முதலாவதைவிட மோசமாகத் தோன்றும். அந்த அமைதியில் யாரும் வெளியே போகக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம்.

கையில் ஒரு வேலை இருந்தால் பயம் கொஞ்சம் அடங்குகிறது. இவன் டார்ச் பொறுப்பாளர். டிவியை அணைத்துவிடலாம். விழுந்த மரத்தையே திரும்பத் திரும்பக் காட்டினால், சின்னப் பிள்ளைகள் ஒவ்வொரு தடவையும் புது மரம் விழுவதாக எடுத்துக்கொள்ளக்கூடும்.

பாட்டிகளிடம் ஒரு வேண்டுகோள். கடலூர்ப் பக்கம் மெழுகுவத்தி ஏற்றினாலே 2011 தானே புயல் கதை தொடங்கிவிடும்: முந்திரி போச்சு, பலா போச்சு. கதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அன்று ராத்திரி எல்லோரும் எங்கே படுத்தார்கள், மறுநாள் யார் சோறு கொடுத்தார்கள் என்ற பாதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். போனது மட்டும் கேட்டால் எப்படித் தூங்குவான்?

புயல் போய் ஒரு மாதமாகியும் தூக்கமில்லை, மேகம் கறுத்தாலே பள்ளிக்கூடம் போக மறுக்கிறான் என்றால் மனநல மருத்துவரைப் பார்ப்பது நல்லது. டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416. தமிழிலும் பேசுவார்கள், கட்டணம் இல்லை.