அதிகக் குதிரைத்திறன் கார்களில் தானியங்கி கியர்பெட்டியைத் தேர்ந்தெடுத்தலும் மாற்றுதலும்

தானியங்கி கியர்பெட்டி மாற்றம் என்பது, ஒரு காரில் ஏற்கெனவே உள்ள கியர்பெட்டியை எடுத்துவிட்டு, எஞ்சினின் ஆற்றலைத் தாங்கக்கூடிய வேறொரு தானியங்கி கியர்பெட்டியைப் பொருத்துவதாகும். ஐக்கிய அமெரிக்காவில் 1960களிலும் 1970களின் தொடக்கத்திலும் வெளிவந்த பெரிய எஞ்சின் கார்களைப் புதுப்பிப்போரிடையே இது பரவலாக நடைபெறுகிறது. எஞ்சினின் திறனைக் கூட்டிவிட்டு கியர்பெட்டியை மறந்துவிடுவோர் பலர். அப்படிப்பட்ட கார்களில் கிளட்ச் தகடுகள் விரைவில் கருகிவிடும். பந்தயத் தடத்தில் பெட்டியே வெடித்துச் சிதறவும் கூடும்.

இயங்கும் முறை

கைமுறைக் கியர்பெட்டியில் ஓட்டுநரின் காலும் கையும் செய்யும் வேலையைத் தானியங்கிப் பெட்டியில் எண்ணெய் அழுத்தம் செய்கிறது. உள்ளே கோள் பற்சக்கரத் தொகுதிகள் உள்ளன. நடுவில் ஒரு சூரியச் சக்கரம், அதைச் சுற்றிச் சிறு கோள் சக்கரங்கள், வெளியே ஒரு வளையச் சக்கரம். இவற்றில் எதைப் பிடித்து நிறுத்துகிறோம், எதைச் சுழல விடுகிறோம் என்பதைப் பொறுத்து வேக விகிதம் மாறும். பிடித்து நிறுத்தும் பணியைச் செய்பவை கிளட்ச் தகடுகளும் பட்டைகளும்தாம். எண்ணெய் அழுத்தம் குறைந்தால் பிடி தளரும், தகடு வழுக்கும், வழுக்கினால் சூடாகும். தானியங்கிப் பெட்டிகள் பழுதடைவதற்கான காரணங்களில் பெரும்பாலானவை இந்தச் சங்கிலிக்குள் அடங்கிவிடும்.

குதிரைத்திறனா, முறுக்குவிசையா?

விளம்பரங்களில் பெரிதாகக் காட்டப்படுவது குதிரைத்திறன். ஆனால் கியர்பெட்டியின் தண்டுகளும் தகடுகளும் உணர்வது முறுக்குவிசையை. 1970ஆம் ஆண்டின் செவ்ரலே செவெல் எஸ்.எஸ். 454 காரில் எல்.எஸ்.6 எஞ்சினுக்கு 450 குதிரைத்திறனும் 500 பவுண்டு-அடி, அதாவது ஏறக்குறைய 678 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் குறிக்கப்பட்டிருந்தன. இவை துணைக்கருவிகள் இல்லாமல் எடுக்கப்பட்ட அக்கால மொத்த அளவுகள் என்பதால், இன்றைய நிகர அளவுகளோடு நேராக ஒப்பிடுவது தவறு.

காரின் எடையும் டயரின் பிடிப்பும் சேர்ந்தே பெட்டியின் சுமையைத் தீர்மானிக்கின்றன. வழுக்கும் சாதாரண டயர் உள்ள காரில், சக்கரம் சுழன்றுவிடுவதால் பெட்டி தப்பிக்கிறது. அதே காருக்குத் தரையைக் கவ்விப் பிடிக்கும் பந்தய டயர் போட்டால், முன்பு சக்கரத்தடியில் வீணான விசை முழுவதும் பெட்டியின் தண்டுகள் மேல் ஏறும். ஆகவே "இந்தப் பெட்டி இத்தனை குதிரைத்திறன் தாங்கும்" என்ற ஒற்றை எண்ணை மட்டும் நம்பிப் பணம் செலவழிப்பது சரியல்ல.

பெட்டிகளும் அவற்றின் விகிதங்களும்

செவ்ரலேயின் பவர்கிளைடு 1950இல் வந்தது. இரண்டே வேகங்கள், எடை குறைவு, தன்னைச் சுழற்றிக்கொள்ள அது எடுத்துக்கொள்ளும் ஆற்றலும் குறைவு. நேர்கோட்டுப் பந்தயங்களில் வலுவூட்டிய பவர்கிளைடு இன்றும் ஓடுகிறது. அன்றாடச் சாலைக்கு அது ஏற்றதல்ல.

1964இல் அறிமுகமான ஜெனரல் மோட்டார்ஸின் டர்போ ஹைட்ராமேட்டிக் 400 மூன்று வேகப் பெட்டி. விகிதங்கள் 2.48, 1.48, 1.00. அதன் உறுதிக்குச் சான்றாக ஒன்றைச் சொல்லலாம்: ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷாடோ, தானியங்கி ஃபெராரி 400 போன்ற கார்களை உருவாக்கியவர்களும் இதையே வாங்கிப் பொருத்தினர். ஃபோர்டின் சி6, கிரைஸ்லரின் டார்க்ஃபிளைட் 727 ஆகியவையும் இதே வகுப்பைச் சேர்ந்த மூன்று வேகப் பெட்டிகள்.

1982இல் வந்த 700ஆர்4 பெட்டியில் நான்கு வேகங்கள். முதல் கியர் 3.06, நான்காவது 0.70. நான்காவது கியரில் எஞ்சினைவிட வெளித்தண்டு வேகமாகச் சுழலும். இதை ஓவர்டிரைவ் என்பர். ஆனால் இதுவும் இதன் மின்னணு வடிவமான 4எல்60-இ பெட்டியும் பெரிய முறுக்குவிசைக்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. வலுவூட்டாத பெட்டிகளில் மூன்றாம், நான்காம் வேகங்களுக்கான கிளட்ச் தகடுகளும் சூரியச் சக்கரத்தை இயக்கும் உலோகக் கூடும் முதலில் பழுதாகும்.

உறுதியும் ஓவர்டிரைவும் ஒருங்கே வேண்டுவோருக்கு 1991இல் வந்த 4எல்80-இ பொருந்தும். பெயரிலேயே அதன் விவரம் இருக்கிறது: 4 என்பது முன்னோக்கு வேகங்கள், எல் என்பது நீளவாக்கில் பொருத்தப்படுவது, 80 என்பது தாங்குதிறன் படிநிலை, இ என்பது மின்னணுக் கட்டுப்பாடு. இது டர்போ 400இன் வழித்தோன்றல். முதல் மூன்று விகிதங்கள் அதேதான், நான்காவதாக 0.75 சேர்ந்தது. எடையும் நீளமும் கூடுதல். இயக்குவதற்குத் தனிக் கணினிப் பெட்டியும் வேண்டும்.

ஒரு கணக்கு

66 செ.மீ. விட்டமுள்ள டயர், 3.73 பின் அச்சு விகிதம் கொண்ட காரை எடுத்துக்கொள்வோம். டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.07 மீட்டர். மணிக்கு 100 கி.மீ. என்பது நிமிடத்துக்கு 1,667 மீட்டர். எனவே சக்கரம் நிமிடத்துக்கு 804 முறை சுழலும். அதை 3.73ஆல் பெருக்கினால், டர்போ 400இன் மூன்றாம் கியரில் எஞ்சின் 3,000 முறை சுழல வேண்டும். 4எல்80-இ பெட்டியின் நான்காம் கியரில் அது 2,250ஆகக் குறைகிறது. நெடுஞ்சாலையில் எரிபொருளும் இரைச்சலும் குறைவதற்கு இதுவே காரணம்.

ஆனால் பின் அச்சு விகிதத்தை 3.08ஆக மாற்றினால், பழைய மூன்று வேகப் பெட்டியிலேயே எஞ்சின் 2,480 அளவில் ஓடும். புறப்படும் இழுப்பு சற்றுக் குறையும். 600 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்குவிசை தரும் எஞ்சினுக்கு அது பெரிய குறையல்ல. பெட்டியை மாற்ற நினைப்போர் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது இந்தச் செலவு குறைந்த மாற்றமே.

டார்க் கன்வர்ட்டர்

எஞ்சினுக்கும் பெட்டிக்கும் இடையில் எண்ணெய் நிரம்பிய உருண்டைக் கூடாக இருப்பது டார்க் கன்வர்ட்டர். கார் நின்ற நிலையிலிருந்து புறப்படும்போது இது முறுக்குவிசையை ஏறக்குறைய இரு மடங்காக்கித் தரும். வெளித்தண்டு அசையாமல் இருக்க, எஞ்சின் எட்டக்கூடிய உச்சச் சுழற்சியை ஸ்டால் வேகம் என்பர். பந்தயக் கேம் தண்டு பொருத்திய எஞ்சின் குறைந்த சுழற்சியில் மந்தமாக இருக்கும். அதற்கு உயர்ந்த ஸ்டால் வேகம் தேவை. ஆனால் அது அளவுக்கு மீறினால் சாலையில் எந்நேரமும் வழுக்கல், எந்நேரமும் சூடு. ரேடியேட்டருக்குள் இருக்கும் குளிர்விப்பானோடு தனி எண்ணெய்க் குளிர்விப்பான் ஒன்றும் சேர்ப்பது இத்தகைய கார்களுக்கு இன்றியமையாதது.

பொருத்தும்போது

ஜெனரல் மோட்டார்ஸ் பெட்டி என்றால் எல்லா ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சினுக்கும் பொருந்தும் என்று எண்ணிப் பழைய பொருள் கடையில் வாங்கி ஏமாறுவோர் உண்டு. டர்போ 400இல் முன்புற மணிக்கூடு பெட்டியோடு ஒன்றாக வார்க்கப்பட்டது. ப்யூக், ஓல்ட்ஸ்மொபைல், பாண்டியாக் எஞ்சின்களுக்கான போல்ட் துளை அமைப்பு வேறு, செவ்ரலேயின் அமைப்பு வேறு. வாங்கும் முன் துளைகளைப் பார்த்துவிட வேண்டும். புதிய எல்.எஸ். வகை எஞ்சின்கள் பெரும்பாலானவற்றில் கிராங்க் தண்டின் முனை ஏறக்குறைய 10 மி.மீ. உள்வாங்கி இருப்பதால், பழைய பெட்டிக்கு இடைத்தகடு ஒன்றும் தேவைப்படும். பெட்டியின் நீளம் மாறினால் புரொப்பல்லர் ஷாஃப்டை வெட்டிச் சமநிலைப்படுத்த வேண்டும்; பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டமும் இடம் மாறும்.

அதிகம் பேர் தவறு செய்யும் இடம் கன்வர்ட்டரை உட்செருகுவது. அது உள்தண்டு, நிலைத்தண்டு, எண்ணெய்ப் பம்பு ஆகிய மூன்றிலும் ஒவ்வொன்றாகச் சென்று அமர வேண்டும். சுழற்றிக்கொண்டே தள்ளினால், அமர்வதைக் கையால் உணரலாம். முழுதாக அமராத நிலையில் போல்ட்டுகளை இறுக்கிப் பெட்டியை எஞ்சினோடு இழுத்தால் பம்பு உடைந்துவிடும். பெட்டி எஞ்சினோடு இணைந்த பின், கன்வர்ட்டருக்கும் ஃபிளெக்ஸ் பிளேட்டுக்கும் இடையே ஏறக்குறைய 3 முதல் 5 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளியே இல்லையென்றால் அங்கேயே வேலையை நிறுத்திவிட்டுப் பெட்டியைப் பின்னுக்கு இழுக்க வேண்டும்.

700ஆர்4 பொருத்துவோர் கார்புரேட்டரிலிருந்து வரும் த்ராட்டில் கேபிளைச் சரியான நீளத்தில் அமைப்பது முக்கியம். அது வெறும் கியர் மாற்றும் கேபிள் அல்ல. உள் எண்ணெய் அழுத்தத்தையே தீர்மானிப்பது. தளர்ந்திருந்தால் புதிய பெட்டியும் சிறிது தூரத்திலேயே கருகிவிடும்.

பழைய பெட்டி கருகியிருந்தால் அதன் உலோகத் துகள்கள் குளிர்விப்பானிலும் குழாய்களிலும் தங்கியிருக்கும். அவற்றை நன்கு கழுவாமல், கழுவ முடியாவிட்டால் மாற்றாமல், புதிய பெட்டியை இணைக்கக் கூடாது. எண்ணெயையும் ஒரே தவணையில் ஊற்றக் கூடாது. முதலில் சில லிட்டர் ஊற்றி, எஞ்சினை இயக்கி, கன்வர்ட்டர் நிறைய நிறைய மேலும் சேர்க்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் பெட்டிகளில் எண்ணெய் சூடான பிறகு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, நெம்புகோலைப் பார்க் நிலையில் வைத்து அளவுக்கோலைப் பார்ப்பது முறை. எண்ணெய் தெளிந்த சிவப்பாக இருக்க வேண்டும். பழுப்பாகிக் கருகல் வாடை வந்தால் தகடுகள் வழுக்கத் தொடங்கிவிட்டன என்று பொருள்.