கைக்கருவியில் திருவிவிலியம்: எதைப் பார்த்து வாங்குவது?



"கைப்பேசியிலேயே விவிலியம் வந்துவிட்டதே, புத்தகம் எதற்கு?" என்கின்றனர் இளைஞர். "வந்தது சரி, என் கண்ணுக்குத் தெரியவில்லையே" என்கின்றனர் பெரியோர். மாலைச் செபத்திற்குக் கூடும் ஒரே வீட்டில் இவ்விரு குரல்களும் எழுகின்றன. பெற்றோருக்கென ஒரு கருவி வாங்க மதுரை டவுன்ஹால் சாலைக் கடைகளில் ஏறி இறங்கும் பிள்ளைகளும் உண்டு. கடைக்காரர் புகைப்படக் கருவியின் திறனையும் விளையாட்டின் வேகத்தையும் எடுத்துரைப்பார். மறைநூல் வாசிக்க இவை இரண்டும் வேண்டுவதில்லை. வேண்டுவன யாவை?

முதலில் நூல், பிறகு கருவி

கத்தோலிக்கத் திருச்சபையின் விவிலியத்தில் 73 நூல்கள் உள்ளன. இலவசமாய்க் கிடைக்கும் தமிழ்ச் செயலிகள் பலவற்றில் 66 நூல்களே இருக்கும். ஆகவே பொருளடக்கத்தைத் திறந்து, தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் இரு நூல்கள் ஆகிய ஏழும் உள்ளனவா என்று பாருங்கள். பொது மொழிபெயர்ப்பாக 1995ஆம் ஆண்டு வெளிவந்த திருவிவிலியமே நம் ஆலயங்களில் ஒலிப்பது. வீட்டிலும் அதுவே இருப்பின், ஞாயிறன்று கேட்டதை அன்று மாலையே தேடி எடுக்கலாம். பழைய பதிப்பில் பழகிய முதியோர்க்கு ஒன்று கூறுவோம்: அன்று 22ஆம் சங்கீதமாக இருந்த நல்லாயன் பாடல், இன்று 23ஆம் திருப்பாடல். எண் மாறியதே அன்றி, பாடல் மாறவில்லை.

எழுத்தே அளவுகோல்

ஓலையில் எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல் தோன்றி வாசிப்போர் இடர்ப்பட்ட காலத்தில், அவற்றை வேறுபடுத்திக் காட்ட எழுத்தைச் சீர்திருத்தியவர் வீரமாமுனிவர் (1680–1747). மதுரை மறைத்தளத்தில் உழைத்த அம்முனிவருக்கு, நற்செய்தி மக்களைச் சென்றடைய எழுத்துத் தெளிவு இன்றியமையாதது என்பது தெரிந்திருந்தது. அதே தெளிவைத் திரையிலும் நாம் நாடவேண்டும்.

நாற்பது வயதைக் கடந்தோர்க்கு வெள்ளெழுத்து வருவது இயல்பு. எழுத்தைப் பெரிதாக்கினால் தீரும் என்று எண்ணலாம். ஆனால் தமிழ்ச் சொற்கள் நீண்டவை. சிறு திரையில் எழுத்தைப் பெருக்கினால் ஒரு வரியில் இரண்டு மூன்று சொற்களே அடங்கும். ஒரு வசனத்தை முடிப்பதற்குள் பலமுறை திரையைத் தள்ள நேரும். பொருள் தொடர்ச்சி அறுந்துபோகும். எனவே வீட்டின் மூத்தவரையே கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர் தம் கண்ணாடியை அணிந்து, கருவியை ஒரு முழத் தொலைவில் வைத்து, ஓர் அதிகாரத்தை வாய்விட்டு வாசிக்கட்டும். தடையின்றி வாசித்தால் அதுவே உங்கள் கருவி.

மூவகைக் கருவிகள்

உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ நாள்தோறும் பேருந்தில் நகருக்கு வரும் இளைஞருக்குக் கையிலுள்ள கைப்பேசியே போதும். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். குடும்பமாய் அமர்ந்து வாசிக்கவும் முதியோர்க்கும் ஏற்றது பத்து அங்குல அளவிலான டேப்லெட். மேசைமேல் நிறுத்தி வைத்தால் கை நோகாது. பார்வை மங்கியோர்க்கு உரையை ஒலியாக வாசித்துக் காட்டவும் இயலும். மூன்றாவது, கிண்டில் போன்ற மின்மை வாசிப்பான். காகிதம்போல் வெளிச்சத்தைத் திருப்பித் தருவதால் நம் சமவெளியின் நண்பகல் வெயிலிலும் எழுத்து மங்காது. பக்கம் மாறும்போது மட்டுமே திரை மின்சாரம் கொள்வதால் ஒருமுறை மின்னேற்றினால் பல நாள் உழைக்கும். ஆனால் செயலிகள் பெரும்பாலும் அதில் இயங்கா; நமக்குரிய தமிழ் விவிலியம் அதற்கேற்ற மின்னூலாகக் கிடைக்கிறதா என்று உறுதி செய்த பின்னரே வாங்க வேண்டும்.

விவிலியம் முழுவதும் எழுத்து வடிவில் ஒரு திரைப்படத்தைவிட மிகச் சிறிய இடத்தையே கொள்ளும். 32 ஜிகாபைட் கருவியே தாராளம். இணையமின்றியும் திறக்கும்படி முன்னரே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். தவணைக் கடனில் விலையுயர்ந்த கருவி வாங்கிக் குடும்பத்தைச் சுமையில் ஆழ்த்துதல் அறிவுடைமை அன்று.

கருவியின் இடம்

வாசிக்கும் வேளையில் கருவியை விமானப் பயன்முறையில் வையுங்கள். அப்போது செய்தி மணி குறுக்கிடாது. ஆளுக்கொரு திரையை நோக்குவதினும், ஒருவர் வாசிக்க மற்றவர் செவிமடுத்தல் நன்று. திருவழிபாட்டில் அச்சிட்ட நூலுக்குரிய மதிப்பைத் திரைக்கு அளித்தலாகாது. நியூசிலாந்து ஆயர்கள் 2012ஆம் ஆண்டு இதனைத் தெளிவுபடுத்தி, குருக்கள் திருப்பலியில் திரைக்கருவியை அன்றி அச்சிட்ட நூலையே பயன்படுத்துமாறு பணித்தனர். கருவி வந்ததென்று வீட்டிலுள்ள விவிலியப் புத்தகத்தைப் பரணில் ஏற்றிவிடவும் வேண்டாம்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2017 தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று, கைப்பேசியை நடத்துவதுபோல் விவிலியத்தை நடத்தினால் என்னவாகும் என்று வினவினார். மறந்து சென்றால் திரும்பி வந்து எடுக்கிறோமா, நாளில் பலமுறை திறக்கிறோமா என்பதே அவர் கேள்வியின் கருத்து. இன்று இரண்டும் ஒரே கையில் இருக்கின்றன. ஆதலால் கருவியைத் தேர்ந்தெடுப்பதோடு, அதைத் திறக்கும் நேரத்தையும் இன்றே குறித்துவிடுங்கள். வீட்டின் மூத்தவர் வாசிக்க, இளையோர் கேட்கும் அந்தக் கால்மணி நேரத்திற்காகத்தானே இத்தனை செலவும்!